பெயரைப் பிறர் கையில் கொடுக்கலாமா?



சென்ற செயற்குழுக் கூட்டத்தில் எழுந்த ஒரு விவகாரத்தைப் பற்றி நம் இதழில் விவரமாக எழுதும்படி நண்பர்கள் பணித்தார்கள். நம் சங்க உறுப்பினர்களில் நாற்பது பேர் இன்று தத்தம் கடையின் பெயரில் வெப்சைட் வைத்திருக்கிறார்கள். அந்த நாற்பதையும் ஒன்றாகத் திரட்டி, டி.என்.எஸ். சேவை நடத்தும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்து, செலவைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக் கொள்ளலாம் என்பது கூட்டத்தில் வைக்கப்பட்ட தீர்மானம். 'டி.என்.எஸ். என்றால் என்ன?' என்று பாதிப் பேர் கேட்டார்கள். கேட்காமல் உட்கார்ந்திருந்த மீதிப் பேருக்கும் தெரியாது என்பது நம் அனுமானம். நமக்கே மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வரை தெரியாது. பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்து, பருப்பும் எண்ணெயும் சர்க்கரையும் மொத்தத்தில் விற்று அறுபதைத் தாண்டியவர்கள் நாம். படித்துத் தெரிந்து கொண்டது குறைவு. அடிபட்டுத் தெரிந்து கொண்டதே அதிகம். அதைத்தான் எழுதுகிறோம்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. டவுன்ஷிப்பில் ஒருவர் வீட்டுக்குச் சாமான் கொண்டு போக வேண்டுமானால் பெயர் மட்டும் போதாது. வட்டம், சாலை, குவார்ட்டர்ஸ் எண் இவை வேண்டும். உத்தியோகம் உயர்ந்தால் அவர் வேறு வட்டத்தில் பெரிய வீட்டுக்குப் போய்விடுவார். ஆள் அவரேதான், எண் மாறிவிடும். இது தெரியாமல் பழைய வீட்டு வாசலில் அரிசி மூட்டையை இறக்கிவிட்டு வந்து திட்டு வாங்காத கடைப்பையன் நம் ஊரில் உண்டா? இன்டர்நெட்டிலும் இதே கதைதான். வெப்சைட் குடியிருக்கும் கம்ப்யூட்டருக்கு எண்தான் விலாசம். எண் மனிதர் நினைவில் நிற்காது என்பதால் பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைச் சொன்னால் எண்ணை எடுத்துக் கொடுக்கிற விலாசப் புத்தகமே டி.என்.எஸ்.

1983க்கு முன் இந்த விலாசங்கள் எல்லாம் ஒரே பட்டியலாக அமெரிக்காவில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தன. யார் புதிதாகச் சேர்ந்தாலும் அங்கே சொல்லி எழுத வேண்டும். கூட்டம் பெருகியதும் அது தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் அந்தப் புத்தகத்தைப் பிரித்து, அவரவர் பக்கத்தை அவரவர் பொறுப்பில் வைத்துக்கொள்ளும்படி ஓர் ஏற்பாட்டை வகுத்தார். இன்று உலகம் முழுவதும் ஓடுவது அந்த ஏற்பாடுதான். 'அவரவர் பக்கம் அவரவர் பொறுப்பில்' என்பதை நண்பர்கள் மனதில் வைத்துக் கொள்ள வேண்டும். நம் வாதம் முழுவதும் அதைச் சுற்றியே வரும்.

வெப்சைட் எதற்கு, வாட்ஸ்அப் போதாதா என்று மளிகைக்கடை நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தெருமுனையில் கடை வைத்து, பக்கத்து இரண்டு வட்டங்களுக்குச் சாமான் போடுகிறவருக்கு வெப்சைட் தேவையில்லை என்பதே நம் கருத்து. விற்க வருகிறவர் ஆயிரம் சொல்லுவார். ஆனால் பண்ருட்டி முந்திரியை வெளி மாநிலத்துக்கு அனுப்புகிறவருக்கு அது வேண்டும். மந்தாரக்குப்பம், வடலூர் சில்லறைக் கடைகளுக்கு அன்றாட விலைப்பட்டியல் போடும் மொத்த வியாபாரிக்கும் வேண்டும். சென்னையிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகள் இங்கே ஓய்வு பெற்று இருக்கும் பெற்றோருக்கு மாதச் சாமான் ஆர்டர் கொடுக்கிறார்களே, அந்தக் கடைக்காரருக்கும் வேண்டும்.

வாட்ஸ்அப்பை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு 2021 அக்டோபர் 4ஆம் தேதி இரவு நினைவிருக்கும். ஒன்பது மணிக்கு மேல் வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எல்லாம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. நாம் போன்தான் பழுது என்று எண்ணி மூன்று முறை அணைத்துப் போட்டோம். நடந்தது என்னவென்றால், பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளையால் அந்த நிறுவனத்தின் உள்வழித் தொடர்பு அறுந்தது. அதன் விளைவாக அதன் விலாசப் புத்தகங்களே உலகத்தின் கண்ணிலிருந்து மறைந்தன. கடை இருக்கிறது, சரக்கு இருக்கிறது, வழி சொல்ல ஆள் இல்லை. அத்தனை பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால் இந்தப் புத்தகம் எவ்வளவு முக்கியம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிற்க. சங்கத்தின் தீர்மானத்துக்கு வருவோம்.

ஒரு வெப்சைட்டில் மூன்று சங்கதிகள் உண்டு. முதலாவது, பெயரைப் பதிவு செய்வது. இரண்டாவது, அந்தப் பெயருக்கு உரிய விலாசப் பக்கத்தை எழுதி வைத்து, கேட்பவருக்கு விடை சொல்வது, டி.என்.எஸ். சேவை என்பது இதுதான். மூன்றாவது, படங்களும் விலைப்பட்டியலும் இருக்கும் இடத்தை வாடகைக்கு எடுப்பது. லைசென்ஸ் வேறு, விலாசம் வேறு, கிடங்கு வேறு அல்லவா? அப்படி. இம்மூன்றையும் ஒருவரே செய்து தரலாம். மூன்று பேரிடம் தனித்தனியாகவும் பெறலாம். நம்மிடம் வந்த பிரதிநிதி மூன்றையும் ஒரே கூரையின் கீழ் தருவதாகச் சொன்னார். சங்கத்தின் பெயரில் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு, ஆண்டுக்கு ஒரே பில். கேட்க நன்றாகத்தான் இருந்தது. கை தட்டியவர்களும் உண்டு.

நாம் கை தட்டவில்லை. காரணம், பெயர்.

டவுன்ஷிப்பில் கடை நடத்துகிறவர்களுக்கு ஒரு விஷயத்தை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மண் நிறுவனத்துக்குச் சொந்தம். கடை நம் பெயரில் ஒதுக்கீடு. காலத்தில் பணம் கட்டிப் புதுப்பித்தால்தான் கடை. வெப்சைட் பெயரும் இப்படித்தான். அதை யாரும் விலைக்கு வாங்கிவிட முடியாது. ஆண்டுக் கணக்கில் எடுக்கிறோம். ஒரே தடவையில் அதிகபட்சம் பத்து ஆண்டுகள். 'டாட் இன்' என்று முடியும் பெயர்களுக்கு நிக்சி என்ற நம் நாட்டு நிறுவனம் பொறுப்பு. 2005 முதல் அவை எல்லோருக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன. 'டாட் காம்' பெயர் என்றால் தவணை தவறிய பிறகும் சில வாரம் அவகாசம் இருக்கலாம். அப்புறம் அபராதம் கட்டி மீட்க 30 நாள். அதுவும் தவறினால் 5 நாள் கழித்துப் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். எவர் முந்துகிறாரோ அவருடையது.

நம் சங்கத்து முந்திரி வியாபாரி ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்லுகிறோம். பெயர் வேண்டாம், அவரே சொல்லச் சொன்னார். வெப்சைட் செய்து கொடுத்த இளைஞர் கெட்டிக்காரர், நல்ல பிள்ளையும்கூட. பெயரைப் பதியும்போது தன் பெயரையும் தன் மின்னஞ்சலையும் தன் செல்போன் எண்ணையும் கொடுத்துவிட்டார். வேலையைச் சீக்கிரம் முடிக்க அதுதான் வசதி. மூன்றாம் ஆண்டு அவர் வெளிநாட்டு வேலைக்குப் போய்விட்டார். பழைய எண் செயலிழந்தது. புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் யாரும் பார்க்காத ஒரு பெட்டியில் போய் விழுந்தன. ஒரு நாள் காலை வெப்சைட் இல்லை. சில வாரம் கழித்து அதே பெயரை எவனோ ஒருவன் எடுத்துக் கொண்டு, திருப்பித் தர டாலரில் விலை சொன்னான். அந்தப் பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டிகள் பத்தாயிரம் கிடங்கில் கிடந்தன. நண்பர் புதுப் பெயர் ஒன்று எடுத்து, ஒவ்வொரு பெட்டியிலும் பழைய பெயர் மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினார். வீட்டுப் பெண்கள் உட்பட நாலு பேர் ஒரு மாதம் ஒட்டினார்கள். அதைவிடப் பெரிய நஷ்டம், பழைய பெயரைத் தேடி வந்த வாடிக்கையாளர்கள் எத்தனை பேர் திரும்பிப் போனார்கள் என்பதற்குக் கணக்கே இல்லாமல் போனது.

படிக்காத வியாபாரிகளுக்குத்தான் இப்படி நேரும் என்று எண்ண வேண்டாம். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் ஹாட்மெயில் வாடிக்கையாளர்கள் உள்ளே நுழையப் பயன்படுத்திய ஒரு பெயரைப் புதுப்பிக்க மறந்தது. சம்பந்தமில்லாத ஒரு அமெரிக்கர் தன் கையிலிருந்து 35 டாலர் கட்டி அதைக் காப்பாற்றிக் கொடுத்தார். 2015 செப்டம்பரில் 'கூகுள் டாட் காம்' என்ற பெயரையே ஒருவர் 12 டாலருக்கு வாங்கி, ஏறத்தாழ ஒரு நிமிஷம் அதற்கு உரியவராக இருந்தார். அவர் இந்தியர் என்பதில் நமக்கு ஒரு சிறு சந்தோஷம். பெரிய நிறுவனங்களுக்கு நல்லவர்கள் வாய்த்தார்கள்; நம் முந்திரி நண்பருக்கு வாய்க்கவில்லை.

ஆகவே பெயர்ப் பதிவு அந்தந்தக் கடைக்காரர் பெயரிலேயே, அவருடைய சொந்த மின்னஞ்சல், சொந்தச் செல்போன் எண்ணோடு இருக்க வேண்டும். சங்கத்தின் பெயரில்கூட இருக்கக் கூடாது என்பது நம் திடமான கருத்து. இதைச் சொன்னதற்குச் 'சங்கத்தின் மேல் நம்பிக்கை இல்லையா?' என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். நம்பிக்கை உண்டு. ஆனால் நிர்வாகிகள் மாறுவார்கள், உறுப்பினர்களுக்குள் மனஸ்தாபம் வரும், அண்ணன் தம்பி பாகம் பிரிப்பார்கள். கடைப் பத்திரத்தைச் சங்க பீரோவில் வைப்போமா?

விலாசப் பக்கத்தைச் சேவை நிறுவனத்திடம் கொடுப்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. சொல்லப்போனால் கொடுக்கத்தான் வேண்டும். அந்தப் பக்கத்தை நாமே வைத்துக் கொண்டு பட்ட பாட்டை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வெப்சைட் இருக்கும் இடத்தை மாற்றியபோது புதிய எண்ணை எழுதினோம். வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். அதே பக்கத்தில் 'எம்.எக்ஸ்.' என்று ஒரு வரி இருக்கிறது; கடிதங்கள் எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்லும் வரி அது. அதைப் புதிய பக்கத்தில் எழுத விட்டுவிட்டது. மூன்று நாள் நமக்கு வந்த மின்னஞ்சல் எல்லாம் அனுப்பியவர்களுக்கே திரும்பிப் போயின. ஒரு கேன்டீன் ஒப்பந்தக்காரர் துவரம்பருப்புக்கு விலை கேட்டு எழுதியிருக்கிறார். பதில் இல்லை என்றதும் விருத்தாசலத்தில் நாற்பது மூட்டை எடுத்துவிட்டார். பிற்பாடு நேரில் பார்த்தபோது 'பெரிய மனுஷர், பதில்கூடப் போடமாட்டேன் என்கிறீர்களே' என்றார். மகன் செய்த வேலைதான்; ஆனால் மேற்பார்வை நம்முடையது, குறை நம்முடையது.

தவறைத் திருத்திய பிறகும் உடனே சரியாகவில்லை. இதற்கும் ஒரு காரணம் உண்டு. கேட்டு வாங்கிய விடையை வழியிலுள்ள கம்ப்யூட்டர்கள் சிறிது காலம் ஞாபகம் வைத்துக் கொள்ளும். தபால்காரர் பழைய குவார்ட்டர்ஸ் எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பது போல. எவ்வளவு நேரம் என்பதை விநாடிக் கணக்கில் நாம்தான் அந்தப் பக்கத்தில் எழுதுகிறோம். 86,400 என்று இருந்தால் ஒரு முழு நாள். இடம் மாற்றுகிறவர்கள் இரண்டு நாள் முன்னதாகவே இதை 300 ஆக்கிவிட வேண்டும். ஐந்து நிமிஷத்தில் பழையது மறந்து புதியது வந்துவிடும். மாற்றம் நிலைத்த பிறகு மறுபடி கூட்டிவிடலாம். இந்தச் சிறு சூட்சுமம் அன்று நமக்குத் தெரிந்திருந்தால் ஒரு நாளாவது மிச்சமாகியிருக்கும்.

அந்த அனுபவத்துக்குப் பிறகு நம் வெப்சைட்டை இரண்டு சேவைகளில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். எவை என்பது இங்கே முக்கியமில்லை. என்ன பார்த்தோம் என்பதே முக்கியம்.

விடை சொல்லும் கம்ப்யூட்டர்கள் எத்தனை ஊர்களில் இருக்கின்றன என்று முதலில் கேட்டோம். நல்ல சேவைகள் ஒரே எண்ணை உலகத்தின் பல ஊர்களில் வைத்திருக்கின்றன; கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது விடை சொல்லும். ஒரே பெயர்ப்பலகை மாட்டிய பல கிளைகள் என்று வைத்துக் கொள்ளலாம். சென்னையிலோ மும்பையிலோ கிளை இல்லாத சேவை என்றால் நெய்வேலிக்காரர் கேள்வி கடல் கடந்து போய் வர வேண்டியிருக்கும். சோதித்துப் பார்ப்பது கஷ்டமில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டர் எதிலும் 'என்எஸ்லுக்அப்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. பெயரைக் கொடுத்தால் எண் வரும். வீட்டு பி.எஸ்.என்.எல். இணைப்பில் பார்த்தோம், வேறு கம்பெனி செல்போனில் பார்த்தோம், சிங்கப்பூரில் இருக்கும் மைத்துனர் மகனைப் பார்க்கச் சொன்னோம். எல்லா இடத்திலும் ஒரே விடை வந்தது.

அடுத்து, போவது எளிதா என்று பார்த்தோம். வருவதற்கு எல்லாக் கதவும் திறந்திருக்கும். வெளியே போகத்தான் சாவி கேட்பார்கள். விலாசப் பக்கம் முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கித் தருகிறார்களா என்று பார்க்க வேண்டும். அதற்கு உலகத்துக்கே பொதுவான ஒரு படிவம் இருக்கிறது. ஒரு சேவையில் இறக்கியதை மற்றொன்றில் ஏற்றலாம். நாம் பார்த்த இரண்டில் ஒன்று ஒரே பொத்தானில் தந்தது. மற்றது கேட்டு எழுதிய இரண்டாம் நாள் தந்தது. பேரேட்டை எடுத்துப் பார்க்க முடியாத கணக்கப்பிள்ளையை யாரும் வைத்துக் கொள்ளமாட்டோம்.

நாற்பது வெப்சைட் என்று வரும்போது இன்னொரு விஷயம் சேர்ந்து கொள்கிறது. நாற்பதும் ஒரே கம்ப்யூட்டரில் குடியிருந்து, அதன் எண் ஒரு நாள் மாறினால், நாற்பது பக்கங்களில் தனித்தனியாகத் திருத்த வேண்டும். ராத்திரி பதினொரு மணிக்கு உட்கார்ந்து நாற்பது தடவை தட்டினால் முப்பத்தெட்டாவதில் ஒரு புள்ளி தவறும். மொத்தமாகத் திருத்தும் வசதி உண்டா, யார் எப்போது எதைத் திருத்தினார்கள் என்ற குறிப்பு இருக்கிறதா, ஒவ்வொருவருக்கும் தனித்தனி நுழைவு உண்டா, பாஸ்வேர்டோடு செல்போனில் வரும் எண்ணையும் கேட்கிறார்களா என்றெல்லாம் பார்க்க வேண்டும். 'ஒரே பாஸ்வேர்டு' என்று அந்தப் பிரதிநிதி பெருமையாகச் சொன்னாரே, நமக்கு அங்கேதான் பயம் வந்தது. அந்த ஒன்று களவு போனால் நாற்பது கடை வாடிக்கையாளர்களையும் போலிக் கடைக்குத் திருப்பி விடலாம். பணம் போலிக் கடைக்குப் போகும். பழி நம் பெயருக்கு வரும். ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சுற்றறிக்கை விட்டு, வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31க்குள் 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடியும் பெயருக்கு மாற வேண்டும் என்றது இப்படிப்பட்ட போலிகளுக்குப் பயந்துதான்.

பக்கத்துக்கு முத்திரை வைக்கும் டி.என்.எஸ்.செக் என்ற ஏற்பாடும் உண்டு. நல்லதுதான். ஆனால் சேவையை மாற்றும்போது பழைய முத்திரையைப் பதிவேட்டிலிருந்து எடுக்காமல் மாற்றினால் பலருக்கு வெப்சைட்டே தெரியாமல் போகும். தெரிந்தவர் கூட இருந்தால் மட்டும் இதில் கை வைக்கலாம்.

இனி விலை. நமக்கெல்லாம் பிடித்த இடம். அமேசான் நிறுவனத்தின் ரூட் 53 என்ற சேவையை எடுத்துக் கொள்வோம். இந்த வேலைக்கென்று இன்டர்நெட்டில் ஒதுக்கப்பட்ட வாசல் எண் 53, பெயரில் அதைச் சேர்த்திருக்கிறார்கள். அவர்கள் அறிவித்திருக்கும் விலை, முதல் 25 பெயர்களுக்குத் தலா மாதம் அரை டாலர், அதற்கு மேல் தலா 10 சென்ட். நாற்பது பெயருக்கு 14 டாலர். டாலர் 90 ரூபாய் என்று போட்டால் 1,260 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,486 ரூபாய் 80 காசு. ஒரு கடைக்கு மாதம் 37 ரூபாய் சொச்சம். இது தவிர, பத்து லட்சம் கேள்விக்கு 40 சென்ட் வீதம் தனி. நம் நாற்பது கடையும் சேர்ந்து மாதம் இருபது லட்சம் கேள்வி வாங்கினாலும் அது ஒரு டாலரைத் தொடாது. பில்லில் நம் ஜி.எஸ்.டி. எண் ஏறினால் உள்ளீட்டு வரி எடுக்கலாம். இணக்கத் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. சங்கம் பில்லை வாங்கினால் வரி யாருக்கு வரவு என்பதை ஆடிட்டரிடம் கேட்டுக் கொள்ள வேண்டும். கூட்டத்தில் இதை யாரும் எழுப்பவில்லை.

கிளவுட்ஃபிளேர் போன்ற நிறுவனம் சிறு வெப்சைட்டுகளுக்கு இந்தச் சேவையை இலவசமாகவே தருகிறது. இலவசம் என்றதும் சந்தேகப்படுவது நம் தொழில் குணம். ஆனால் சேவை மட்டமில்லை. இலவசத் திட்டத்தில் இக்கட்டு நேரத்தில் கூப்பிட்டுப் பேச ஆள் கிடையாது என்பதே வித்தியாசம். நம் பிரதிநிதி சொன்ன தொகையை மேலே சொன்ன 37 ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். ஐந்து மடங்குக்கு மேல் வருகிறது. கூடுதல் பணத்துக்கு அவர் என்ன வேலை செய்வார் என்பதை எழுத்தில் கொடுத்தால் பரிசீலிக்கலாம். தமிழில் பேசி, ஞாயிற்றுக்கிழமையும் போன் எடுப்பாரானால் அதற்கும் ஒரு மதிப்பு உண்டு.

எவ்வளவு பெரிய சேவையானாலும் விழும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016 அக்டோபர் 21ஆம் தேதி அமெரிக்காவில் டைன் என்ற டி.என்.எஸ். நிறுவனத்தின் மேல் கோடிக்கணக்கில் பொய்க் கேள்விகளை வாரி இறைத்தார்கள். உண்மையான கேள்விக்கு விடை சொல்ல நேரமில்லாமல் அது திணறியது. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் கிடைக்காமல் போயின. அந்தப் பொய்க் கேள்விகளைக் கேட்டவை எவை தெரியுமா? கடைகளிலும் வீடுகளிலும் மாட்டியிருந்த கண்காணிப்புக் கேமராக்கள், அவற்றின் பதிவுப் பெட்டிகள். கம்பெனியில் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை வாங்கியவர்கள் மாற்றாததால் திருடர்கள் அவற்றைப் பிடித்துத் தங்கள் படையாக்கிக் கொண்டார்கள். நம் கல்லாவுக்கு மேலே தொங்கும் கேமராவின் பாஸ்வேர்டு என்ன என்பதை நண்பர்கள் இன்றே பார்க்க வேண்டும். நம்முடையது ஆறு மாதம் முன்பு வரை 'அட்மின்' என்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் பலவும் இரண்டு சேவைகளில் ஒரே பக்கத்தை வைக்கத் தொடங்கின. ஒன்று விழுந்தால் மற்றது விடை சொல்லும். 2025 தீபாவளி நாளில், அதாவது அக்டோபர் 20 நண்பகலில், அமேசானின் வர்ஜீனியா மையத்தில் ஒரு முக்கியமான தரவுக்கிடங்கின் விலாசப் பக்கம் வெற்றாகிப் போனது. தானாக இயங்கும் இரண்டு நிரல்களில் ஒன்று தாமதமாகப் பழைய கணக்கை எழுத, மற்றது அதைப் பழையது என்று அழிக்க, கடைசியில் பக்கத்தில் ஒன்றுமில்லை. இரண்டு கணக்கப்பிள்ளைகள் ஒரே பேரேட்டில் கை வைத்த கதை. அதை நம்பியிருந்த உலகத்து வியாபாரமெல்லாம் பல மணி நேரம் தடுமாறியது. பலகாரப் பெட்டிக்கு ஆர்டர் வரும் நாளில் நமக்கு இப்படி ஆனால் தாங்குமா?

இடையில் ஒரு வார்த்தை. தமிழ் எழுத்திலேயே வெப்சைட் பெயர் வைக்கலாம்; 'டாட் இந்தியா' என்று தமிழில் முடியும் பெயர்களும் பதியக் கிடைக்கின்றன. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் மின்னஞ்சல் வைத்தால் பல இடங்களில் ஏற்க மறுக்கிறார்கள். பலகைக்குத் தமிழ்ப் பெயர், கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கில எழுத்துப் பெயர் என்று இரண்டும் வைத்துக் கொள்வதே இப்போதைக்கு உசிதம்.

சங்கத்துக்கு நம் யோசனை இதுதான். பெயர்ப் பதிவு அவரவரிடம். விலாசப் பக்கங்களை மட்டும் சங்கம் ஒரு சேவையில் மொத்தமாக எடுக்கட்டும். கிடங்கு யாரிடம் வேண்டுமானாலும் இருக்கட்டும். சங்கக் கணக்கைத் திறக்க மூன்று பேருக்குத் தனித்தனி நுழைவு. ஒருவர் விலகினால் அன்றே அவர் நுழைவை மூட வேண்டும். ஒவ்வொரு உறுப்பினரும் தன் பக்கத்தைத் தானே பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை நாற்பது பக்கங்களையும் இறக்கி, ஒரு பென் டிரைவிலும், அச்செடுத்து ஒரு கோப்பிலும் வைக்க வேண்டும். ஆன்லைனில் பணம் வாங்கும் கடைகள் பத்துக்கு மேல் இல்லை. அவற்றுக்கு மட்டும் இரண்டாவது சேவையும் எடுத்தால் போதும். சங்கம் பிடிக்கவில்லை என்று விலகுகிறவர், பெயர் தன்னிடமே இருப்பதால், தன் பக்கத்தின் நகலை வாங்கிக் கொண்டு அரை மணி நேரத்தில் வேறு இடம் போய்விடலாம்.

மாற்றும் வேலையை மளிகைக்கு மந்தமான ஆடி மாதத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து கடை வீதம் செய்ய வேண்டும். முதல் ஐந்தில் நம் கடையை எழுதிக் கொள்ளலாம். புரட்டாசி பிறந்தது முதல் தீபாவளி முடியும் வரையும், பொங்கலுக்கு முந்தைய இரண்டு வாரமும் யாரும் இதில் கை வைக்கக் கூடாது.

இந்தத் தீர்மானம் அடுத்த பொதுக்குழுவில் வாக்குக்கு வருகிறது. வெப்சைட் வைத்திருக்கும் நண்பர்கள் ஒரு தாளில் தங்கள் வெப்சைட்டின் பெயர், அதை எந்த நிறுவனத்திடம் பதிந்திருக்கிறது, யார் பெயரில் எந்த மின்னஞ்சலில் பதிந்திருக்கிறது, தவணை எந்தத் தேதியில் முடிகிறது என்ற நான்கு விவரங்களையும் எழுதிக் கொண்டு வர வேண்டுகிறோம். வெப்சைட் செய்து கொடுத்தவரை இந்த வாரமே கூப்பிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். பாஸ்வேர்டை மட்டும் தாளில் எழுத வேண்டாம்.